தூக்கிப் போடும் முன் ஒரு பென் டிரைவ்: மலையில் லினக்ஸுக்கு மாறுவோருக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதன் பிறகு கோத்தகிரியில் என் வீட்டுத் திண்ணைக்கு மடிக்கணினியோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளாக ஒழுங்காக உழைத்த இயந்திரங்கள் பலவற்றில் அவை இருப்பதில்லை. "இனி இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா அண்ணா?" என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை விற்ற காசில் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருளை, இயங்கிக்கொண்டிருக்கும்போதே குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதை நிறுவுவது எளிது. நிறுவிய பிறகு வைஃபை வரவில்லை, ஒலி வரவில்லை, பிரிண்டர் பேசவில்லை என்பதில்தான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. இதில் லினக்ஸ் மின்ட் 22-ஐ வைத்து விளக்குகிறேன். அது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. 2029 வரை ஆதரவு உண்டு. நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால் அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை எடுங்கள். ஆணைகளைத் தமிழில் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (ஆணைகளை அடிக்கும் சாளரம்) அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள்

மின்ட்டைப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு நிரல் அதைச் செய்துவிடும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் போடும்போது துவக்கப் பட்டியலைத் திறக்கும் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல் கணினிகள் பலவற்றில் அது எஃப் 12, எச்பியில் எஃப் 9, ஏசஸில் எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தால் மின்ட் அதிலிருந்தே இயங்கத் தொடங்கும். வன்தட்டில் ஒரு வரிகூட எழுதப்படாது.

இந்த நிலையில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். "இன்ஸ்டால்" என்ற படத்தைப் பார்த்ததும் சொடுக்கிவிடுகிற அவசரம்தான் பின்னால் வரும் பாதித் தொல்லைக்குக் காரணம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வைஃபை, ஒலிபெருக்கி, மைக், கேமரா, டச்பேட், வெளிச்சத்தைக் கூட்டும் விசைகள், புளூடூத், ஒவ்வொரு யுஎஸ்பி துளை என்று வரிசையாகச் சோதித்து எழுதுங்கள். மூடியைச் சாத்தி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். உறங்கிய கணினி விழிக்கிறதா என்பது மிக முக்கியம். இங்கே ஓடுவது நிறுவிய பிறகும் ஓடும். இங்கே ஓடாதது எது என்று இப்போதே தெரிந்துவிட்டால், விண்டோஸ் கையில் இருக்கும்போதே அதற்கான டிரைவரை (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) தேடி இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது வன்தட்டே தென்படவில்லை என்றால் பதற வேண்டாம். புதிய இன்டெல் கணினிகள் சிலவற்றில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு வன்தட்டை மறைத்து வைத்திருக்கும். பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அப்படி மாற்றியதும் விண்டோஸ் துவங்காமல் போகலாம். அதற்கான ஆயத்தம் செய்யாமல் தொடாதீர்கள்.

கணினியின் பெயர் உதவாது, உள்ளே இருக்கும் சில்லின் எண் உதவும்

புதியவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என்னுடையது இன்ன கம்பெனி லேப்டாப், வைஃபை வரவில்லை." இதை வைத்து எவராலும் உதவ முடியாது. ஒரே பெயரில், ஒரே கடையில், ஒரே மாதத்தில் விற்ற இரண்டு கணினிகளுக்குள் இரண்டு வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருக்கும். லினக்ஸ் மேலட்டையைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சில்லின் எண்ணைப் பார்க்கிறது. நீங்களும் அதையே பாருங்கள்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறி, அதையொட்டி என்என்கே என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று தொடங்கும் பத்தியைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு பாதிகளாக ஓர் எண் இருக்கும். முதல் பாதி நிறுவனம், இரண்டாம் பாதி சில்லு. 8086 என்றிருந்தால் இன்டெல். 1978-இல் அது வெளியிட்ட செயலியின் பெயரையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. 14ஈ4 என்றால் பிராட்காம், 10ஈசி என்றால் ரியல்டெக், 1002 என்றால் ஏஎம்டி.

அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. வரி இருந்தால் லினக்ஸ் அந்தச் சில்லை அடையாளம் கண்டு டிரைவரை மாட்டிவிட்டது. கோளாறு அமைப்பிலோ ஃபர்ம்வேரிலோ (சில்லுக்குள் ஓடும் சிறு நிரல்) விசையிலோ இருக்கிறது. வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை; அதைத் தேட வேண்டும். யுஎஸ்பியில் செருகும் பொருள்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி என்ற ஆணை இதே எண்களைக் காட்டும். மொத்த விவரத்தையும் ஒரே பக்கத்தில் பெற, ஐஎன்எக்ஸ்ஐ என்று அடித்து, இடைவெளி, கழித்தல் குறி, பெரிய எஃப், சிறிய எக்ஸ், சிறிய இசட் என்று அடியுங்கள். கடைசியில் உள்ள இசட் உங்கள் கணினியின் தனி அடையாள எண்களை மறைத்துவிடும். யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பலாம்.

வைஃபை

மலையில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும் என்ற முடிச்சில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பிவழி இணையம் இருக்கும் வீடுகள் இங்கே குறைவு. இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் கைப்பேசியே போதும். சார்ஜர் கம்பியால் அதைக் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பிகளில் இது நடக்காது. தரவும் கடத்தும் கம்பியாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்து டிரைவர் மேனேஜரைத் திறங்கள். பிராட்காம் சில்லு என்றால் அதற்கான டிரைவர் அங்கே காட்டப்படும். கைப்பேசியில் சிக்னலே இல்லாத ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறீர்களா? மின்ட் எழுதிய அதே பென் டிரைவைச் செருகுங்கள். டிரைவர் மேனேஜர் இணையம் இல்லாதபோது அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் நிறுவி முடித்ததும் பென் டிரைவை அழித்துப் பாட்டுப் போட்டுவிடாதீர்கள்.

டிரைவர் இருந்தும் வைஃபை "அணைந்திருக்கிறது" என்று காட்டினால், ஆர்எஃப்கில் என்று அடித்து, இடைவெளி விட்டு, லிஸ்ட் என்று அடித்துப் பாருங்கள். "சாஃப்ட் பிளாக்டு: எஸ்" என்றால் மென்பொருள் வழியே அணைக்கப்பட்டிருக்கிறது, ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்ற ஆணை திறந்துவிடும். "ஹார்ட் பிளாக்டு: எஸ்" என்றால் எந்த ஆணையும் உதவாது. பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்சோ, விமானம் வரைந்த விசையோ இருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த கணினியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ரவுட்டர் இருக்கும் மேசையிலேயே வைத்தால் வைஃபை நான்கு கோடும் காட்டும். அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடு, சமையலறைக்குப் போனால் ஒன்றுமில்லை. கீழே கோவையில் ஒரு கடையில், அட்டை போய்விட்டது, மதர்போர்டும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு தொகையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய கணினியே வாங்கலாம்.

எண்ணைப் பார்த்தேன். 8723பிஈ என்ற சில்லு. டிரைவர் வரி சரியாக இருந்தது. இந்தச் சில்லில் ஆன்டெனாக் கம்பியை மாட்ட இரண்டு முனைகள் உண்டு. செலவைக் குறைக்கச் சில கணினிகளில் ஒரே ஒரு ஆன்டெனாவை மட்டும் வைத்து, அதை ஏதோ ஒரு முனையில் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். டிரைவர் மற்ற முனையைப் பயன்படுத்தினால், கம்பியே இல்லாத முனையில் காதை வைத்துக் கேட்பது போலாகிவிடும். பக்கத்தில் பேசினால் கேட்கும், தள்ளிப் போனால் கேட்காது.

ஈடிசி என்ற கோப்புறைக்குள் மாட்ப்ரோப் புள்ளி டி என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் நிர்வாகி உரிமையோடு, வைஃபை புள்ளி கான்ஃப் என்ற பெயரில் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, ஒரே ஒரு வரி எழுதினேன்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்டிஎல்8723பிஈ, இடைவெளி, ஏஎன்டி அடிக்கோடு எஸ்ஈஎல் சமக்குறி 2. கணினியை அணைத்துப் போட்டதும் அந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தாள், பிறகு படி இறங்கித் தோட்டத்துக் கேட் வரை போனாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2 என்று போட்டும் சரியாகவில்லை என்றால் 1 என்று மாற்றிப் பாருங்கள். எந்த முனையில் கம்பி இருக்கிறது என்பது கணினிக்குக் கணினி மாறும்.

எண்ணைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே அட்டை கெட்டிருந்தாலும், லினக்ஸில் இயல்பாகவே ஓடும் ஒரு சிறு யுஎஸ்பி வைஃபை குச்சியை வாங்கிச் செருகிவிட்டுக் காரியத்தைப் பார்க்கலாம். கடையில் கேட்கும்போதும் நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல், உள்ளே எந்தச் சில்லு என்று கேளுங்கள்.

நீலத் திரையில் பத்து நொடி

டிரைவர் மேனேஜர் சில டிரைவர்களை நிறுவும்போது திடீரென ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்கள் துவக்கத்தில் ஓடாமல் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினிகளில்தான் இது வரும். ஏன் கேட்கிறது என்று அங்கே தெளிவாக விளங்காது. எதையோ போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மறு துவக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போயிருந்தால் போயிற்று. அது தானாகவே கடந்துபோய்விடும், டிரைவர் நிறுவியும் நிறுவாதது போலவே கிடக்கும்.

ஆகவே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, கணினியின் முன்னாலேயே உட்காருங்கள். நீலத் திரை வந்ததும் ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் மாக்" என்பதைத் தேர்ந்து, "கன்டினியூ", "எஸ்" என்று போய், அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அடிக்கும்போது திரையில் எழுத்து ஏதும் தெரியாது; அது இயல்பு. தவறவிட்டவர்கள் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் பழைய கணினிக்கு அதுவே எளிய வழி என்பது என் கருத்து. என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளவர்களும் இந்தத் திரையைச் சந்திக்கக்கூடும்.

ஒலி, கேமரா, கைரேகை

ஒலி வரவில்லை என்றால் முதலில் அது வேறெங்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒலி அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ என்று இருந்தால், இல்லாத டிவிக்குப் பாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது சரியாக இருந்தால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்று அடியுங்கள். தூண்கள் வரிசையாகத் தெரியும். தூணின் அடியில் எம்எம் என்று இருந்தால் அது அடைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் நின்று எம் விசையைத் தட்டினால் திறக்கும்.

கேமராக்கள் ஏறத்தாழ எல்லாமே பொதுவான ஒரே டிரைவரில் ஓடிவிடும். ஓடவில்லை என்றால் லென்ஸின் மேல் உள்ள சிறு மூடியை ஒருமுறை பாருங்கள். கைரேகை வாசிப்பான்களில் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. அதற்காக இரவைத் தொலைக்காதீர்கள், கடவுச்சொல் போதும்.

கணினி மிகப் புதியது, டச்பேடே அசையவில்லை என்றால், அப்டேட் மேனேஜரில் "வியூ" பட்டியலுக்குள் "லினக்ஸ் கர்னல்ஸ்" இருக்கிறது. அங்கிருந்து புதிய கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) நிறுவுங்கள். பழையது அப்படியே இருக்கும். புதியது ஒத்துவராவிட்டால் துவக்கத்தில் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம்.

தமிழ் விசைப்பலகை

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் "தமிழ்நெட் 99" என்று ஒன்று இருக்கிறது. அது எழுத்துகளை விசைகளில் வைக்கும், அவ்வளவுதான். க, க என்று அடித்தால் "க்க" என்று புள்ளி தானாக விழும் வசதி அதில் இல்லை. அது இல்லாமல் தமிழ்99-இல் அடிப்பது கை ஒடிந்த வேலை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அதில் உள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். புள்ளி தானாக விழும்.

பிரிண்டர்

அண்மையில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் ஓடும். அமைப்புகளில் பிரிண்டர்ஸ் என்பதைத் திறந்தாலே அங்கே நிற்கும். எப்சனின் மை நிரப்பும் எல் வரிசைக்கு எஸ்க்பிஆர் என்ற டிரைவர் மின்ட்டின் கிடங்கிலேயே உண்டு.

ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லேசர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020-க்குள் நிரந்தர ஃபர்ம்வேர் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். அதனால் பிரிண்டரைச் சேர்த்தும் தாள் அசையாது. எச்பி, கழித்தல் குறி, பிளக்இன் என்று சேர்த்து அடித்தால் அந்தக் கூடுதல் கோப்பை இறக்கித் தரும். ஒருமுறை செய்தால் போதும், ஆனால் இணையம் இருக்கும் நாளில் செய்துவிடுங்கள். கேனான் எல்பிபி 2900 தனக்கென கேப்ட் என்ற தனி மொழி வைத்திருக்கிறது. கேனான் லினக்ஸுக்கும் டிரைவர் தந்திருக்கிறது என்றாலும் நிறுவுவது பொறுமையைச் சோதிக்கும். பிழைப்பே அந்தப் பிரிண்டரில் என்றால், ஒரு பழைய விண்டோஸ் கணினியை அதற்கென்று இணையமில்லாமல் ஒதுக்கி வைப்பது நல்லது. புதிதாக வாங்குபவர்கள் "ஏர்பிரிண்ட்" உண்டா என்று கேட்டு வாங்குங்கள்; அது ஆப்பிளுக்கான சொல் என்றாலும், அது இருக்கும் பிரிண்டர் லினக்ஸிலும் ஓடிவிடும்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் விண்டோஸ் வன்தட்டைப் பூட்டியபடியே உறங்கும், லினக்ஸ் அதில் எழுத முடியாது. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டினால் கணினி கெடவில்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் இந்திய நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் எழுதுகின்றன. டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட், கழித்தல் குறி, லோக்கல், கழித்தல் குறி, ஆர்டிசி, இடைவெளி, 1 என்று அடித்தால் லினக்ஸ் விட்டுக்கொடுக்கும்.

குளிரும் ஈரமும் மின்கலமும்

மார்கழி, தை மாதங்களில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தக் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்த கணினியைக் கணப்பு எரியும் அறையில் உடனே திறந்தால், மூக்குக் கண்ணாடியில் படிவது போலவே உள்ளே இருக்கும் பலகையிலும் நீர்ப்படலம் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது அறையில் வைத்திருந்து, பிறகு எடுங்கள். குளிர்ந்த மின்கலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். அது வெப்பம் ஏறியதும் சரியாகும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் ஏற்றவே கூடாது. லித்தியம் மின்கலத்துக்கு அது நிரந்தரக் கேடு.

மின்கலம் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, யுபவர், இடைவெளி, கழித்தல் குறி, டி என்று அடியுங்கள். "எனர்ஜி ஃபுல் டிசைன்" என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. "எனர்ஜி ஃபுல்" என்பது இன்றைய கொள்ளளவு. முதலாவது 41 வாட்-மணி என்றிருந்து இரண்டாவது 20-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிஎல்பி என்ற நிரலை நிறுவினால் மின்கலம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். திங்க்பேட் போன்ற கணினிகளில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தவும் அதில் வழி இருக்கிறது. எப்போதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் கணினிக்கு அப்படிச் செய்வது ஆயுளைக் கூட்டும்.

கடைசி வேலை ஒன்று. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஆடிக்கு முன்பும், கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் ஐப்பசிக்கு முன்பும் செய்துவிடுங்கள். மழை வலுத்து ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்தே போகும். குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் இறங்கவும் முடியாது. இணையம் இருக்கும்போதே அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுதாக ஓட்டி, மறு துவக்கம் செய்து, வைஃபையும் பிரிண்டரும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மின்ட் பென் டிரைவ், உங்கள் சில்லுகளின் எண்கள் எழுதிய நோட்டுத் தாள், தரவு கடத்தும் கைப்பேசிக் கம்பி ஆகிய மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள்.